ஏலத்தோட்டத்தில் விளைந்த நெத்திலி

இதை வாசிக்கும் தங்களை வாசகர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. சாட்சி என்றே அழைக்கிறேன். சாட்சிக்குக் கடமைகள் இரண்டு. இறுதிவரை அமர்ந்திருக்க வேண்டும். இடையில் சிரிக்கக் கூடாது. முதலாவதை மட்டும் தாங்கள் நிறைவேற்றினால் போதுமானது. இரண்டாவதை என் வீட்டாரே இன்றுவரை நிறைவேற்றியதில்லை.

மேடைப் பேச்சாளனுக்குப் பசி என்பது ஒரு தலைப்பு. அதைப் பற்றி அரைமணி நேரம் தடையின்றிப் பேசுவான். வேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்துவான். கைதட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நான்கு தோசை தின்பான். அதே பசி ஒருநாள் எதிரணியில் வந்து அமர்ந்து தன்னை மடக்கும் என்று அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணிப் பார்க்கவில்லை.

போடிநாயக்கனூரில் பிறந்து, அவ்வூர் மேடைகளிலேயே வளர்ந்தவன் நான். மேடையில் இளம்பரிதி, வீட்டில் அப்பு. பள்ளி நாட்களில் நான் வென்று குவித்த கோப்பைகளை வைக்க இடம் போதாமல், சிறிய கோப்பையில் அம்மா கடுகு போட்டு வைத்தார் (பெரிய கோப்பையில் புளி). நான் பேசத் தொடங்கினால் பின்வரிசையில் சுண்டல் தின்பவர்கள்கூட மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள் என்பது என் கணிப்பு. சுண்டல் தின்றவர்களிடம் இது குறித்து நான் விசாரித்ததில்லை.

எனக்கு நிகராகப் பேசக்கூடியவர் எங்கள் வட்டாரத்தில் ஒருவர்தான்: என் தாய்மாமன் மகள் கயல்விழி. ராசிங்காபுரத்துக்காரி. என் அம்மாவை "அத்தை, அத்தை" என்று சுற்றிச் சுற்றி வருபவள். ஒரே பட்டிமன்றக் குழுவில் நாங்கள் எப்போதும் எதிரெதிர் அணிகளில் அமர்பவர்கள். நான் முழங்குவேன், அவள் கேள்வி கேட்பாள். முழங்குவதற்கு ஒரு வாரப் பயிற்சி வேண்டும், கேள்வி கேட்க அரை நிமிடம் போதும் என்பது இக்கலையில் உள்ள பெரும் அநீதி.

போன தை மாதத்தில், போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றின் கோவில் திருவிழாவில் எங்கள் பட்டிமன்றம் ஏற்பாடாகியிருந்தது. தலைப்பு: "உடலுக்கு உறுதி தருவது உள்ளூர் உணவா, வெளியூர் உணவா?" நான் உள்ளூர் அணி. கயல் வெளியூர் அணி. எங்கள் நடுவர் ஐயா அதற்கு முன்பே ஓர் அறிவிப்பைச் செய்திருந்தார். அடுத்து மதுரையில் வரவிருக்கும் பெரிய மேடைக்கு ஓர் அணித்தலைவர் தேவை. மலை மேடையில் எவர் வெல்கிறாரோ அவருக்கே அந்த இருக்கை. அவ்விருக்கையில் அமர்ந்திருப்பது போல நான் கண்ணாடி முன் பலமுறை அமர்ந்து பார்த்திருந்தேன். பொருத்தமாகவே இருந்தது.

வெறும் சொல்லால் வெல்வது எனக்குச் சிறுமையாகத் தோன்றியது. ஆகவே திருவிழாவுக்கு முந்தைய வாரம், போடி நூலக அரங்கில் நடந்த எங்கள் ஒத்திகைக் கூட்டத்தில், ஒலிபெருக்கியைப் பற்றிக்கொண்டு நான் பின்வருமாறு சூளுரைத்தேன்:

"மேடைக்குச் சைக்கிளில் வருவேன். வழியில் எந்த ஊரில் நிற்கிறேனோ, அந்த ஊர் மண்ணில் விளைந்ததன்றி வேறொன்றை உண்ணேன். ஒரு வாய் வெளியூர் உணவு என் தொண்டையைத் தாண்டினால், அணித்தலைவர் இருக்கையை எதிரணிக்கே எழுந்து விட்டுக்கொடுப்பேன்."

அரங்கம் அதிர்ந்தது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது கயல் பக்கத்தில் வந்தாள்.

"ஜீப்புல போனா வெரசாப் போயிரலாம்ல மச்சான். எதுக்கு இந்தச் சோலி?"

"ஜீப்பில் போனவர்களை வரலாறு நினைவில் வைத்திருக்கிறதா?"

"வரலாறு வெச்சிருக்கோ இல்லையோ, டிரைவரு வெச்சிருக்காரு. போன தடவ அவரு சட்டையிலதான நீ வாந்தியெடுத்த."

பெருந்தன்மையோடு மீதிப் படிகளை இறங்கினேன்.

போடியிலிருந்து பூப்பாறைக்கு நேர்வழி போடிமெட்டு மலைச்சாலை. விடியற்காலையில் போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அவ்வழியே மேலே போகும், மாலையில் இறக்கிவிடும். அவ்வளவு பழகிய பாதையில் போவது ஒரு சூளுரைக்குப் போதுமான கௌரவமாகாது என்று முடிவு செய்தேன். ஆகவே தெற்கே புறப்பட்டு, தேவாரம், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் போய், கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறி, ஏலமலைகளின் முதுகிலேயே நெடுந்தூரம் மிதித்துப் பூப்பாறையை அடைவது என் திட்டம். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுவது போன்றது இது என்று அப்பா சொன்னார். சுற்றிப் போனால்தான் ஊர் பார்க்கும் என்று நான் சொன்னேன்.

புறப்படும் காலையில் தெருவே கூடியிருந்தது (பால் வாங்க வந்தவர்கள் உட்பட). அம்மா தூக்குவாளியோடு வாசலுக்கு வந்தார்.

"வெறும் வயித்தோடயா போகப் போற? சோறும் கொழம்பும் வெச்சிருக்கேன். கொண்டுட்டுப் போ அப்பு."

மூடியைத் திறக்காமலே எனக்குத் தெரியும். மொச்சைக் குழம்பு. எங்கள் வயல் ராசிங்காபுரத்தில் இருக்கிறது. அங்கே மொச்சை விளைகிறது. ஆகவே எங்கள் வீட்டில் வாரத்துக்கு இருமுறை அந்தக் குழம்பு கொதிக்கும். அப்போதெல்லாம் "மறுபடியும் இதுதானா?" என்று நான் கேட்பேன், அம்மா இன்னொரு கரண்டி ஊற்றுவார். அன்று தெருவின் முன்னிலையில் குரலை உயர்த்தினேன்.

"அம்மா, இது நம் ஊர் உணவு. நம் ஊர் எல்லையை நான் தாண்டிய கணத்தில் இது வெளியூர் உணவாகிவிடும்."

"அப்ப எல்லையத் தாண்டுறதுக்கு முன்னாடி திண்டுட்டுப் போ."

சாட்சியே, இந்த வாதம் என்னுடையதைவிட வலுவானது. ஆனால் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. தூக்குவாளியைத் தொடாமல் சைக்கிளை மிதித்தேன். முனை திரும்பும்போது பார்த்தேன். அம்மா அதைக் கையில் பிடித்தபடியே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

சைக்கிள் அப்பாவுடையது. கியர் இல்லாதது. பிரேக் பிடித்தால் நிற்பதற்கு முன் ஒருமுறை அலறும். ராசிங்காபுரத்தில் எங்கள் வயலில் இறங்கி இரண்டு இளநீர் குடித்தேன். சொந்த மண்ணில் சொந்த மரத்து நீர். சூளுரை இவ்வளவு எளிதா என்று எனக்கே சற்று ஏமாற்றமாக இருந்தது.

உத்தமபாளையத்தில் அந்த ஏமாற்றம் நீங்கியது. வெயில் ஏறிவிட்டது, தொண்டை தேநீர் கேட்டது. ஒரு டீக்கடையில் நின்று முறைப்படி விசாரணையைத் தொடங்கினேன்.

"அண்ணே, இந்தத் தேயிலை எந்த ஊர்?"

"மல மேல இருந்து வருது."

"பால்?"

"சொசைட்டி பால்."

"எந்த ஊர்ப் பசுவின் பால் என்று கேட்கிறேன். சர்க்கரை எந்த ஆலை?"

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, டீ குடிக்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?"

பெஞ்சில் இருந்தவர்கள் தேநீரைச் சிந்தும் அளவுக்குச் சிரித்தார்கள். பாலின் குலங்கோத்திரம் தெரியாத நிலையில் நான் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் புறப்பட்டேன். அது எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்கும் துணிவு எனக்கு அப்போது இல்லை.

கம்பத்தை நெருங்கும்போது இருபுறமும் திராட்சைப் பந்தல். அங்கே ஒரு தோட்டக்காரர் என் சூளுரையைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்தார். "எங்க மண்ணுல வெளஞ்சதுதான் தம்பி. எம்புட்டு வேணும்னாலும் தின்னுங்க" என்றார். 'எம்புட்டு' என்ற சொல்லை நான் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். மதிய உணவு திராட்சை. மாலைச் சிற்றுண்டி திராட்சை. இரவு தங்கிய கல்லூரி நண்பனின் வீட்டில் ஆவி பறக்கும் இட்லியை ஒதுக்கிவிட்டு, பையில் கட்டிவந்த திராட்சை. அதன் பின்னர் அந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் நிகழ்ந்தவற்றை ஓர் அவையில் எடுத்துரைப்பது மரபன்று. மறுநாள் காலையில் நண்பனின் தந்தை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, மல ஏறணுமா?"

ஏறினேன். சாட்சியே, இதை மட்டும் அழுத்தமாகக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்: ஏறினேன். கம்பம் மெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில், வயிற்றில் ஒன்றுமில்லாமல், கியர் இல்லாத சைக்கிளில் ஏறினேன். மிதித்ததைவிடத் தள்ளியதே அதிகம் என்று எதிரணியினர் சொல்லக்கூடும். தள்ளுவதும் சைக்கிள் பயணத்தின் ஓர் அங்கமே என்று ஒரு வளைவில் நின்று உரக்க வாதிட்டுப் பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்த குரங்குகள் மறுக்கவில்லை. மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது, கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பந்தலும் தென்னையும் வயலுமாகக் காலடியில் விரிந்து கிடந்தது. இத்தனையும் என் கால்கள் கடந்தவை. அக்கணத்தில் எனக்கு முன்னால் ஒலிபெருக்கி இல்லையே என்பது ஒன்றே குறை.

மெட்டுக்கு மேலே கேரளம். முதல் கடையிலேயே நின்றேன். புட்டு இருந்தது, ரொட்டி இருந்தது, வாழைப்பழம் தொங்கியது. கடைக்காரச் சேட்டனிடம் ஒவ்வொன்றையும் சுட்டி, இது இங்கே விளைந்ததா என்று கேட்டேன். எல்லையோர மனிதர், தமிழும் மலையாளமும் கலந்து பொறுமையாகச் சொன்னார்.

"அரி ஆந்திராக்காரன்டே. பச்சக்கறி உங்க தேனியில இருந்து. பழம் உங்க கம்பம்."

"இந்த மண்ணில் விளைவது எதுவுமே இல்லையா?"

"உண்டல்லோ. ஏலக்காய்."

"உண்பதற்கு?"

"குருமுளகும் உண்டு."

மரவள்ளிக் கிழங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்ததாம், காலையில் வந்தவர்கள் தின்று தீர்த்துவிட்டார்களாம். என் முகத்தைப் பார்த்து இரங்கி, ஒரு கைப்பிடி பச்சை ஏலக்காயைக் கையில் திணித்தார். 'உள்ளூர் உணவு' என்று நான் ஒரு வாரமாக முழங்கியபோது, உள்ளூரில் உணவு விளையாத ஊர் ஒன்று உலகில் இருக்கக்கூடும் என்ற எண்ணம் ஒருமுறைகூட எழவில்லை. அது பார்வைக்கெட்டாத ஊரும் அல்ல. எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் மலை.

ஆகவே அன்றைய என் காலை உணவு ஏலக்காய். மதிய உணவு ஏலக்காய், உடன் தொட்டுக்கொள்ள மிளகு. உலகமே விரும்பும் அந்த மணத்தை நாள் முழுவதும் மென்று பார்த்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாயசத்தில் அது விருந்தாளி. தனியாக வந்தால் வீட்டைக் காலி செய்ய வைக்கும். பிற்பகலில் என் நாக்கு மரத்தது. மூக்கில் ஏலம், மூச்சில் ஏலம், வியர்வையிலும் ஏலம். நெடுங்கண்டத்தைத் தாண்டி ஒரு வளைவில் நின்றபோது, தோட்டத்து நாய் ஒன்று வந்து என்னை முகர்ந்துவிட்டுத் தும்மியது.

மாலை மங்கும் நேரத்தில் பூப்பாறைப் பக்கத்துத் தோட்டத்தை அடைந்தேன். கோவில் முகப்பில் சீரியல் விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "சைக்கிளிலேயே வந்துகொண்டிருக்கும் சொல்லின் செல்வர் இளம்பரிதி..." கம்பீரமாக வந்து இறங்க வேண்டிய இடம் அது. பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் அலறியது, நின்றது. நான் நிற்கவில்லை. தோரண வாயிலில் கட்டியிருந்த வாழைமரத்தைத் தழுவியவாறு தரையில் அமர்ந்தேன்.

தூக்கி நிறுத்தியவர் செல்லக்கிளி அக்கா. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் முதல் வீடு அவருடையது. கையைப் பிடித்து அழைத்துப் போய் அடுப்படியில் உட்கார வைத்து, தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார். அடுப்பு நெருப்பில் கொதித்து இறங்கிய குழம்பு. ஆவி முகத்தில் அடித்தது. அந்த நிலையிலும், சாட்சியே, நான் சூளுரையை மறக்கவில்லை. கையை மடியில் கட்டிக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, இது இந்த மண்ணின் உணவுதானா?"

"என்ன அப்பு கேக்குற?"

"இந்த ஊரில் இதைத்தான் உண்பீர்களா?"

"வேற எதத் திம்போம்? ஆண்டாண்டுக்கும் இந்தச் சோறுதான், இந்தக் கொழம்புதான். கேட்டுக்கிட்டே இருக்காம வெரசாத் தின்னு, ஆறிரும்."

அப்பு என்று எனக்கு வீட்டுப் பெயர் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாப் பையன்களும் அப்புதான். முதல் வாய் உள்ளே போனது. அதன் பிறகு மூன்று தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் அக்கா என் முகத்தைப் பார்ப்பதும், வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார்.

மேடையேறினேன். முன்னால் தோட்டத்துக் குடும்பங்கள் எல்லாம் கம்பளியும் தொப்பியுமாக அமர்ந்திருந்தன. முதல் வரிசையில் அம்மாவும் அப்பாவும். பிற்பகல் ஜீப்பில் கயலோடு வந்து இறங்கியிருந்தார்கள். எதிரணியில் கயல் புதுப் புடவையில், முந்தானையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். ஒரு வாரம் மனப்பாடம் செய்த உரையை நான் ஓரமாக வைத்தேன். உண்டு முடித்த உண்மையை விட வலுவான சான்று ஏது?

"அவையோரே! நான் சற்றுமுன் உண்ட உணவு எது தெரியுமா? இம்மலை மண்ணில் முளைத்து, இம்மலை மழையில் நனைந்து, இம்மலை மகளிரின் கையில் வெந்த உணவு!"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கைதட்டல் சற்று முன்கூட்டியே வருகிறது என்று எடுத்துக்கொண்டேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். அவர் கண்களில் நீர். பெற்ற உள்ளம் பூரிக்கிறது என்று எண்ணிக் குரலை மேலும் உயர்த்தினேன்.

"ஒவ்வொரு பருக்கையிலும் ஏலத்தின் மணம் கமழ்ந்தது!" (கமழ்ந்தது என் வாய் என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.) "போடியில் இத்தனை ஆண்டுகள் உண்டிருக்கிறேன். என் வீட்டில், அவையோரே, இப்படியொரு கைமணத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா மட்டும் அந்த வரியில் சிரிப்பை நிறுத்திவிட்டார். முந்தானையை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேடையிலிருந்து அதை நான் பார்த்தேன். ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என்று எனக்குள் ஒன்று சொன்னது. என்ன பிழை என்று அது சொல்வதற்குள் கயல் எழுந்துவிட்டாள்.

"நடுவர் அவர்களே, எனக்கு உரை ஏதும் இல்லை. எதிரணித் தலைவருக்குச் சில கேள்விகள் மட்டும் உண்டு. அவர் மூன்று தட்டு உண்ட குழம்பில் நெத்திலிக் கருவாடு இருந்தது. ஏலத்தோட்டத்தில் நெத்திலி எந்த மாதம் காய்க்கும்?"

கருவாடு என்று தெரியாமலா தின்றாய் என்று தாங்கள் கேட்பீர்கள். தெரிந்தது. நெத்திலி என்றும் தெரிந்தது. நெத்திலி கடலில் வாழ்கிறது என்பது மட்டும் அந்த அடுப்படியில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. அடங்கியதும் கயல் மீண்டும் கேட்டாள்: "அதிலிருந்த மொச்சை எந்த ஊர் வயலில் விளைந்தது?"

நான் வாய் திறக்கும் முன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ராசிங்காபுரம். அவுக அப்பாரு வயலுதான். நான்தான் லோடு ஏத்துனேன்."

"எங்களுக்கு எல்லாமே கீழ இருந்துதான் வருது தம்பி" என்றது இன்னொரு குரல். "காத்தும் ஏலக்காயும் மட்டுந்தேன் உள்ளூரு."

இறுதியாகக் கயல் தன் மடியில் சுருட்டி வைத்திருந்த முந்தானையைப் பிரித்து உயர்த்திக் காட்டினாள். பச்சைப் பட்டின் நடுவே மஞ்சளும் சிவப்புமாக ஓர் உள்ளங்கை அளவு கறை.

"போடிமெட்டுக் கொண்டை ஊசியில் ஜீப்பு குலுங்கியபோது சிந்தியது இது. தூக்குவாளி என் மடியில் இருந்தது. இந்த ஊர் அடுப்பு அதைச் சூடாக்கியது மட்டுமே. அதைக் கட்டிக் கொடுத்தவர், செல்லக்கிளி அக்காவின் பள்ளித் தோழி. தன் மகன் கேட்டால் இந்த ஊர்ச் சோறு என்று சொல்லச் சொல்லி அனுப்பியவர். முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்."

அவையே திரும்பி அம்மாவைப் பார்த்தது. அம்மா யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார்:

"வெரதமும் கலையக் கூடாது, வயிறும் காயக் கூடாது. பெத்தவ வேற என்ன செய்வா?"

பக்கத்தில் அப்பா, சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தார். நடுவர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தீர்ப்பு என்று ஒன்று தனியாக வேண்டுமா, பரிதி?" என்று கேட்டார்.

வேண்டியதில்லை என்றேன். ஒரு வாய் என்று சூளுரைத்திருந்தேன். உண்டதோ மூன்று தட்டு. என் நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போய்க் கயலின் பக்கத்தில் வைத்தேன். மதுரை மேடையின் அணித்தலைவர் இருக்கை அவ்வாறு என் கையாலேயே கைமாறியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமிதம் உண்டு. சைக்கிளில் ஏறிவந்தேன் என்பதில் அதைவிடப் பெருமிதம். அந்த இரண்டையும் என் வீட்டில் யாரும் நினைவுகூர்வதில்லை என்பது வேறு விஷயம்.

அவர்கள் நினைவுகூர்வது வேறு. இன்றும் எங்கள் வீட்டில் எந்தக் கறி தட்டில் விழுந்தாலும் அப்பா கேட்பார்: "இது எந்த மண்ணுடா?" அம்மா எதுவும் கேட்க மாட்டார், கரண்டியைக் கவிழ்க்கும்போது மட்டும், "இப்பிடிக் கைமணத்த நீ எங்க கண்டிருக்கப் போற" என்று மெல்லச் சொல்லுவார். போடி ஜீப்பு ஸ்டாண்டைக் கடந்து போனால் டிரைவர் அண்ணன்மார் வண்டியிலிருந்து தலையை நீட்டி, "தம்பி, இந்த வருசம் நெத்திலி காய்ப்பு எப்பிடி?" என்று விசாரிக்கிறார்கள். கயலின் பச்சைப் புடவையில் கறை போகவே இல்லை. அதை அவள் போக்க முயலவும் இல்லை. எனக்கு எதிராகப் பேசும் நாளிலெல்லாம் அதையே கட்டிக்கொண்டு வருகிறாள்.

அந்தப் பயணம் கற்பித்தது என்ன என்று நான் பேசப் போகும் கல்லூரிகளில் கேட்கிறார்கள். உள்ளூர் உணவு உயர்ந்தது என்று இப்போதும் வாதிடுகிறேன். அந்த அணியை நான் கைவிடவில்லை. ஆனால் உள்ளூரின் எல்லையை ஊர்ப்பலகையில் இப்போது நான் தேடுவதில்லை. எங்கள் மொச்சை ஏறிப் போய், அவர்களின் ஏலம் இறங்கி வரும் தூரம் முழுவதும் எனக்கு உள்ளூர்தான். அந்தத் தூரத்தைச் சைக்கிளில் அளந்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நெத்திலி குறித்து என் ஆய்வு தொடர்கிறது.

இனி அன்றைய மேடைக்கே திரும்புகிறேன். சாட்சியை அழைத்ததே இதற்காகத்தான். நாற்காலியை மாற்றி வைத்த பிறகு, நடுவர் ஐயாவிடம் ஒரு நிமிடம் கேட்டேன். ஒலிபெருக்கி முன் நின்றேன். கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அம்மா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் உரை தொடங்கியபோது நான் யார் யாருக்கெல்லாம் வணக்கம் சொன்னேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நடுவருக்குச் சொன்னேன், தோட்ட நிர்வாகத்துக்குச் சொன்னேன், விழாக் குழுவுக்கும், ஒலி ஒளி அமைத்தவருக்கும், பந்தல் போட்டவருக்கும் பெயர் சொல்லிச் சொன்னேன். எத்தனையோ ஆண்டுகளாக, எத்தனையோ மேடைகளில் அப்படித்தான் சொல்லிவந்தேன். அந்தப் பட்டியலில் அம்மாவின் பெயர் ஒருமுறைகூட இடம்பெற்றதில்லை. குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் வைக்காமல், மலையடிவாரம்வரை கேட்கும்படி அந்த ஒலிபெருக்கியில் நான் சொன்னது இது:

"இனி நான் ஏறும் எந்த மேடையிலும், நடுவருக்கு வணக்கம் சொல்வதற்கு முன், அன்றைக்கு என் வயிற்றில் இருக்கும் சோற்றைச் சமைத்தவர் யார் என்று கேட்டறிந்து, அவர் பெயரைச் சொல்லி முதல் வணக்கம் சொல்வேன். இன்றைக்குச் சொல்ல வேண்டிய அந்த வணக்கத்தைத் தாமதமாகச் சொல்கிறேன். போடிநாயக்கனூர் நாகம்மாள் அவர்களே, வணக்கம்."